லைனில் ஓகே, லேபில் ரிஜெக்ட்: வேலையில் சுயமாக யோசிக்கப் பழகுவது எப்படி?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி இங்கே வைத்துக்கொள்கிறேன். ஓசூரில் ஆட்டோ உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 2 வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறீர்கள். எது நடந்தாலும் மேனேஜரிடம் போய் நிற்கிறீர்கள். அவர் "எல்லாத்துக்கும் என்கிட்ட வராதீங்க, நீங்களே யோசிங்க" என்கிறார். போன வாரம் லைனில் ஏர் கேஜில் (காற்றழுத்தத்தை வைத்துத் துளையை அளக்கும் கருவி) ஓகே ஆன அலுமினிய ஹவுசிங்குகள் (பாகங்களை உள்ளே வைக்கும் கூடு), அவற்றின் போர், அதாவது கடைந்த துளை, சிறியதாக இருக்கிறது என்று லேபில் ரிஜெக்ட் ஆயின. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. சுயமாக யோசித்துப் பிரச்சினையைத் தீர்க்கும் திறமையை எப்படி வளர்த்துக்கொள்வது?

"நீங்களே யோசிங்க" என்பதை "என்னிடம் வராதே" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எஞ்சினியர்கள் அடுத்தவரிடம் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கேட்கப் போகும்போது கையில் என்ன கொண்டுபோகிறார்கள் என்பதைப் பாருங்கள். தன் கண்ணால் பார்த்தது, அதிலிருந்து ஒரு யூகம், அந்த யூகம் சரியா தப்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. இந்த மூன்றும் இருந்தால் மேனேஜரிடம் தினமும் போகலாம், அவர் சலித்துக்கொள்ள மாட்டார். மூன்றும் இல்லாமல் போனால் உங்கள் தலையில் நடக்க வேண்டிய வேலையை அவர் தலைக்கு மாற்றுகிறீர்கள். அவருக்கு எரிச்சல் அதில்தான்.

இந்தப் பழக்கம் நமக்கு வராமல் போனதற்குக் காரணம் இருக்கிறது, அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். புக் பேக் கேள்விகளுக்கு விடை எழுதி வளர்ந்தவர்கள் நாம். அங்கே ஒரு கணக்கு என்றால் தேவையான எண்கள் எல்லாம் கேள்வியிலேயே இருக்கும், தேவையில்லாத எண் ஒன்றுகூட இருக்காது, விடை நிச்சயம் உண்டு. வேலையிடத்தில் எது தலைகீழாக இருக்கிறது என்று பாருங்கள். வேண்டிய விவரத்தில் பாதி கிடைக்காது. கிடைப்பதில் பாதி வேண்டாதது. கேள்வியே தப்பாகக் கேட்கப்பட்டிருக்கலாம். இரண்டுக்கும் வேறு வேறு பயிற்சி தேவை. இரண்டாவது பயிற்சியை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 25 வயதில் தொடங்கினாலும் வரும்.

உங்கள் ஹவுசிங்கையே எடுத்துக்கொண்டு பேசுவோம். பொதுவாகப் பேசினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், நாளை காலை லைனுக்குப் போனால் ஒன்றும் கைகொடுக்காது.

"போர் சிறியதாக இருக்கிறது" என்பது இன்னும் பிரச்சினையின் விவரம் ஆகவில்லை. எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது? எந்த மெஷினில் ஓடியவை? எந்த ஷிப்ட்? எந்தக் காஸ்டிங் லாட்? போரின் மேல் பக்கமா அடிப் பக்கமா? எப்போதிருந்து? இவற்றை எல்லோரும் ஓரளவுக்குக் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் கேட்காமல் விடுவது இதன் மறுபக்கத்தை. எங்கே இந்தப் பிரச்சினை வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை? 3 மெஷினில் ஒன்றில் மட்டும் வருகிறது என்றால் மற்ற இரண்டும் உங்களுக்குச் சாட்சி. பகல் ஷிப்டில் வந்து இரவு ஷிப்டில் வரவில்லை என்றால் இரவு ஷிப்ட் உங்களுக்குச் சாட்சி. கெப்னர், டிரெகோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தார்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் "இருக்கிறது", மறுபக்கம் "இருந்திருக்கலாம், ஆனால் இல்லை" என்று எழுதுவது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று தேடுவது. பல கம்பெனிகளில் இதற்கு ஃபார்மே இருக்கிறது. ஆனால் வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு ஃபைல் பண்ணிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் விடை அந்தக் காலிப் பக்கத்தில்தான் கிடக்கும்.

ஒப்பிட்டுப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் தொழிற்சாலையில் நடக்கவில்லை, பிரசவ வார்டில் நடந்தது. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். இன்று இந்தப் பிரிவு, நாளை அந்தப் பிரிவு என்று நாள் கணக்கில் தாய்மார்களைச் சேர்த்தார்கள். 1846ஆம் ஆண்டில் முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்கள் 11.4 சதவீதம், இரண்டாவதில் 2.8 சதவீதம். முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள் என்று குறிப்புகள் சொல்கின்றன.

அங்கே உதவி டாக்டராக இருந்த செம்மல்வைஸ் செய்ததைக் கவனமாகப் பாருங்கள். காற்றில் உள்ள ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அன்று சொன்னார்கள். அப்படியானால் ஒரே வளாகத்தில் இருக்கும் இரண்டாவது பிரிவில் ஏன் குறைவு? கூட்ட நெரிசல் என்றார்கள். இரண்டாவது பிரிவில்தான் நெரிசல் அதிகம். சாகக் கிடப்பவர்களுக்குச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதல் பிரிவின் வார்டுகள் வழியாகப் போகிறார், அந்த அச்சத்திலேயே பெண்கள் நோயுறுகிறார்கள் என்று ஒரு யூகம். இன்று கேட்டால் வினோதமாக இருக்கும். ஆனால் அவர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. மணியில்லாமல் வேறு வழியாகப் போகச் சொல்லிப் பார்த்தார். எண்ணிக்கை குறையவில்லை. யூகத்தை அடித்துவிட்டார். பிரசவிக்கும்போது படுக்கும் நிலை இரண்டு பிரிவிலும் வேறாக இருந்தது. அதையும் மாற்றிப் பார்த்தார். அதுவும் இல்லை. 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கோலெச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அதே மாதிரி அறிகுறிகளோடு இறந்தார். அப்போதுதான் விடுபட்ட வித்தியாசம் கண்ணில் பட்டது. மாணவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராக வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் அந்த அறைக்குப் போவதே இல்லை. மே மாத நடுவில் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2.2 சதவீதமானது. கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்குப் பல வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. முழு அறிவியல் தெரியாமலேயே, ஒப்பிட்டும் சோதித்தும் காரணத்தைப் பிடித்துவிட்டார்.

சரி, ஹவுசிங்குக்கு வருவோம். உங்கள் பிளான்டில் என்ன காரணம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அலுமினியம், ஏர் கேஜ், லேப் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது வெப்பநிலையை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், யோசிப்பது எப்படி ஓடுகிறது என்று தெரியும்.

போர் 30 எச்7 (30 மில்லிமீட்டர் விட்டம், எச்7 என்ற துல்லிய வகுப்பு) என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லிமீட்டருக்கு மேல் அனுமதி 0 முதல் 21 மைக்ரான் வரை. அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 23 மைக்ரான் விரியும். 30 மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.7 மைக்ரான். (சூடானால் துளை சுருங்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி இல்லை, சுற்றியுள்ள உலோகத்தோடு சேர்ந்து துளையும் பெரிதாகும்.) மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பீஸ் 42 டிகிரியில் இருக்கிறது. லேப் 20 டிகிரி, ஏனென்றால் அளவுகள் எல்லாம் 20 டிகிரிக்குத்தான் என்பது உலகப் பொது விதி. இந்த 22 டிகிரி வித்தியாசத்தில் போர் 15 மைக்ரான் சுருங்கும். லைனில் கேஜை செட் பண்ணும் மாஸ்டர் ரிங் (அளவு தெரிந்த மாதிரி வளையம்) ஸ்டீல், அது ஷாப் வெப்பமான 32 டிகிரியில் இருக்கிறது. ஸ்டீல் ஏறக்குறைய பாதிதான் விரியும், ஆகவே மாஸ்டர் 4 மைக்ரான் பெரிதாகியிருக்கும். அதைக் கழித்தால் லைன் அளவுக்கும் லேப் அளவுக்கும் 11 மைக்ரான் வித்தியாசம். மொத்த அனுமதியே 21தான். லைனில் 9 காட்டிய பீஸ் லேபில் மைனஸ் 2 காட்டும். ஆபரேட்டரும் தப்புச் செய்யவில்லை, லேபும் தப்பாக அளக்கவில்லை. ஆனால் புரொடக்ஷனும் குவாலிட்டியும் மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுயமாக யோசிக்கும் திறமை என்று தனியாக ஒன்று அந்தரத்தில் கிடையாது. அலுமினியம் எவ்வளவு விரியும் என்று தெரியாதவருக்கு இந்த யூகம் தோன்றவே தோன்றாது, எத்தனை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தாலும். யோசிக்கும் முறைகளைப் பற்றி மட்டும் 2 நாள் வகுப்பு எடுத்துவிட்டு, தன் மெஷினைப் பற்றியும் தன் உலோகத்தைப் பற்றியும் எதுவும் கற்றுத் தராத பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. தினமும் அரை மணி நேரம் உங்கள் துறையின் அடிப்படையைப் படியுங்கள். கேஜ் எப்படி வேலை செய்கிறது, இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) தேய்ந்தால் அளவு எந்தப் பக்கம் போகும், கூலன்ட் சூடானால் என்ன ஆகும், ஃபிக்சரில் (பீஸைப் பிடித்து வைக்கும் அமைப்பு) அதிகமாக இறுக்கினால் மெல்லிய சுவர் எப்படி வளையும். இந்த அறிவுதான் யூகங்களின் ஊற்று.

யூகம் வந்துவிட்டது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. மேலே போட்ட கணக்கு அழகாக இருக்கிறது, அதனாலேயே ஆபத்தானது. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் ஒரு எளிய சோதனை செய்தார். 2, 4, 6 என்ற வரிசை ஒரு விதிக்குப் பொருந்துகிறது, நீங்கள் வேறு வரிசைகளைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றுக்கும் "பொருந்துகிறது" என்று பதில் வர வர நம்பிக்கை ஏறியது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1, 2, 50 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தன் யூகத்தைப் பொய்யாக்கக்கூடிய கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை. நம் மீட்டிங்குகளில் நடப்பதும் இதுதான். சீனியர் ஒருவர் "டூல் வேர்தான்" (டூல் தேய்மானம்) என்பார். உடனே டூல் வேருக்குச் சாதகமான டேட்டாவை மட்டும் நான்கு பேர் தேடிக்கொண்டு வருவார்கள்.

ஆகவே, சோதனை செய்வதற்கு முன்பே எழுதி வையுங்கள். யூகம் சரியென்றால் என்ன காட்டும், தப்பென்றால் என்ன காட்டும். நம் உதாரணத்தில், மெஷினிலிருந்து வந்தவுடன் 5 பீஸை எடுத்து மார்க் பண்ணி, அதே கேஜில் உடனே ஒருமுறை, 15 நிமிடம் கழித்து, 30 நிமிடம் கழித்து, 1 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். வெப்பம்தான் காரணம் என்றால் அளவு 6, 7 மைக்ரான் இறங்கி, ஷாப் வெப்பத்துக்கு வந்ததும் நின்றுவிடும். இல்லையென்றால் அப்படியே இருக்கும். எந்தச் செலவும் இல்லை, லைனை நிறுத்த வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். 10 யூகம் இருந்தால், உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகமுள்ளதை மட்டும் பார்க்காதீர்கள். எதைச் சீக்கிரமாகவும் செலவில்லாமலும் அடித்துவிடலாம் என்பதையும் பாருங்கள். அரை நாளில் 4 யூகத்தை அடித்துவிட்டால் மீதி வேலை பாதியாகிவிடும்.

இனி, நம் தொழிற்சாலைகளில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒரு வழக்கத்தைப் பற்றி. கஸ்டமர் கம்ப்ளைன்ட் வருகிறது, 8டி ரிப்போர்ட் (பிரச்சினையின் காரணத்தையும் நடவடிக்கையையும் எட்டுப் படிகளில் எழுதும் அறிக்கை) கேட்கிறார்கள். ஐந்து முறை ஏன் கேட்டதாக ஒரு கட்டம் நிரப்பப்படுகிறது. கடைசி வரி: "ஆபரேட்டர் கவனக்குறைவு." நடவடிக்கை: "ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது." அடியில் ஆபரேட்டரின் கையெழுத்து. 3 மாதத்தில் அதே கம்ப்ளைன்ட் திரும்ப வருகிறது. நீங்கள் உங்கள் யோசனைத் திறமையை வளர்க்க விரும்பினால் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்பதைக் காரணமாக எழுதவே மாட்டேன் என்று. கவனம் குறையத்தான் செய்யும். 8 மணி நேரம் ஒரே வேலையைச் செய்பவருக்குக் குறையாமல் எப்படி இருக்கும்? கவனம் குறைந்தபோது தப்பான பீஸ் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடிந்தது ஏன், தலைகீழாக வைத்த பீஸை ஃபிக்சர் ஏற்றுக்கொண்டது ஏன் என்று கேட்டால் அங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

ஐந்து ஏன் முறையை டொயோட்டாவில் பரப்பிய தாயிச்சி ஓனோ அதற்குக் கொடுத்த உதாரணத்தையே பாருங்கள். மெஷின் நின்றுவிட்டது. ஏன்? ஓவர்லோட் ஆகி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்குப் போதிய எண்ணெய் இல்லை. ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத்துகள் உள்ளே போய்விட்டது. ஐந்து பதிலிலும் ஒரு மனிதர் மீதும் பழி இல்லை. அதோடு, ஒவ்வொரு பதிலும் போய்ப் பார்த்து உறுதி செய்யக்கூடியது. ஃபியூஸைப் பார்க்கலாம், பேரிங்கைத் தொட்டுப் பார்க்கலாம், ஷாஃப்டை அளக்கலாம். மீட்டிங் ரூமில் ஏசியில் உட்கார்ந்து ஐந்து ஏன் எழுதினால் அது வெறும் கட்டுரை. ஒவ்வொரு ஏனுக்கும் நடுவில் ஒருமுறை லைனுக்குப் போய்வர வேண்டும். முறையில் ஒரு குறையும் உண்டு. ஒரே பாதையில் இறங்கிக்கொண்டே போகும். ஒரு ஏனுக்கு இரண்டு பதில் இருந்தால் இரண்டையும் எழுதி இரண்டு கிளையிலும் இறங்குங்கள்.

ஓனோ தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று மணிக்கணக்காக லைனைப் பார்க்கச் சொல்வார் என்பது பிரபலமான செய்தி. நீங்கள் வட்டம் போட வேண்டாம். ஒரு முழு சைக்கிளை, லோடு பண்ணுவதிலிருந்து கேஜில் அளந்து டிரேயில் வைக்கும் வரை, 20 முறை தொடர்ச்சியாகப் பாருங்கள். கையில் போன் வேண்டாம். எதையும் உடனே திருத்த வேண்டாம். ஐந்தாவது சைக்கிள் வரைக்கும் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். அப்புறம்தான் வித்தியாசங்கள் கண்ணில் படும். சில பீஸை எடுத்தவுடன் அளக்கிறார், சில பீஸ் கன்வேயரில் காத்திருந்து அளக்கப்படுகிறது. டீ பிரேக் முடிந்து வந்து அளக்கும் பீஸ்கள் ஆறிப்போயிருக்கின்றன, அவை சிறியதாகக் காட்டியதும் அவர் ஆஃப்செட்டை (டூல் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று மெஷினில் திருத்தும் எண்) கூட்டுகிறார். இந்தத் தகவல் எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது.

அதை உங்களுக்குச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், அந்த மெஷினில் 15 வருடமாக நிற்பவர். அவரிடம் "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார். குவாலிட்டிக்காரர் கேள்வி கேட்டால் மெமோ வரும் என்பது அவர் அனுபவம். "அண்ணே, நல்லா ஓடுற நாளுக்கும் போன வாரத்துக்கும் என்ன வித்தியாசமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். அவர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம், அதுவும் ஒரு யூகம்தான். ஆனால் நீங்கள் மேஜையில் உட்கார்ந்து போடும் 10 யூகத்தை விட அது மதிப்புள்ளது. விடை கிடைத்தால் ரிப்போர்ட்டில் அவர் பெயரைப் போடுங்கள். அடுத்த முறை அவரே வந்து சொல்வார்.

இவ்வளவும் ஆனபின் மேனேஜரிடம் போகிறீர்கள். முன்பு எப்படிப் போயிருப்பீர்கள்? "சார், ஹவுசிங் லேப்ல ரிஜெக்ட் ஆகுது, என்ன பண்ணட்டும்?" இப்போது இப்படிப் போகலாம்: "சார், 3 மெஷின்லயும் வருது, அதனால மெஷின் காரணமா இருக்காதுன்னு நினைக்கிறேன். உடனே அளந்த பீஸ்லதான் வருது, ஆறவச்சு அளந்ததுல வரலை. சூடா அளக்கறதுதான் காரணம்னு என் யூகம். 5 பீஸ் வச்சுப் பார்த்தேன், 1 மணி நேரத்துல 7 மைக்ரான் இறங்குது. சந்தேகத்துக்குரிய பீஸ் எல்லாத்தையும் தனியா வச்சாச்சு. ஆறவச்சு அளக்க ஒரு ரேக் வேணும், இல்லன்னா டெம்பரேச்சர் கரெக்ஷன் உள்ள கேஜ் பார்க்கணும். ரேக் இன்னிக்கே போடலாம். உங்களுக்கு வேற ஏதாவது தோணுதா சார்?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவர் 20 வருட அனுபவத்தில் நீங்கள் பார்க்காத ஒரு கோணத்தைச் சொல்லக்கூடும். இப்போது அவர் உங்கள் யூகத்தைத் திருத்துகிறார், உங்களுக்காக யோசிக்கவில்லை. நீங்கள் வளர்வது அந்த இடத்தில்தான்.

மேனேஜர் சொல்வது தப்பு என்று உங்கள் டேட்டா காட்டினால் என்ன செய்வது? நம் ஊரில் இதுதான் கடினமான பகுதி, இதை மழுப்பக் கூடாது. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானம் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அருகே விழுந்தது. லேண்டிங் கியரில் ஏதோ கோளாறு என்று கேப்டன் சுமார் 1 மணி நேரம் வட்டமடித்துக்கொண்டு அதையே கவனித்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லவும் செய்தார்கள், ஆனால் கேப்டன் மனதில் பதியும்படி அழுத்திச் சொல்லவில்லை. எஞ்சின்கள் நின்றுபோயின. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விமானிகளுக்கு, மேலதிகாரியிடம் தயங்காமல் எடுத்துச் சொல்வதையும், கீழிருப்பவர் சொல்வதைக் கேட்பதையும் தனிப் பாடமாகவே சொல்லித்தரத் தொடங்கினார்கள். யுனைடெட் 1981இல் தொடங்கியது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

அதிலிருந்து நமக்குப் பயன்படுவது இது. மரியாதையைக் குறைக்காமலே தெளிவாகச் சொல்லலாம். "சார், நீங்க சொன்ன மாதிரி டூல் மாத்திப் பார்த்தோம், ரிஜெக்ஷன் குறையலை. இந்தச் சார்ட்டைப் பாருங்க. இன்னிக்கு டிஸ்பாட்ச் போனா கஸ்டமர்கிட்ட மாட்டுவோம்னு எனக்குக் கவலையா இருக்கு. நிறுத்திவைக்கலாம்னு நினைக்கிறேன்." என்ன நடந்தது, என்ன ஆபத்து, என்ன செய்யலாம் என்று மூன்றும் அதில் இருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மெயிலிலும் ஒரு வரி போடுங்கள். செம்மல்வைஸ் இந்த இடத்தில்தான் சறுக்கினார். கண்டுபிடித்ததை விரிவாக எழுதி வெளியிட அவருக்கு 1861 வரை ஆயிற்று, அதற்குள் எதிர்ப்பு இறுகிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குக் கொடுக்கும் அதே அக்கறையை, அதை அடுத்தவர் ஒப்புக்கொள்ளும்படி சொல்வதற்கும் கொடுக்க வேண்டும்.

"நீயே யோசி" என்று சொல்லிவிட்டு, யோசித்துச் செய்ததில் ஒன்று பிசகினால் "யாரைக் கேட்டுப் பண்ணே?" என்று கத்தும் மேனேஜர்களும் இருக்கிறார்கள். உங்கள் மேனேஜர் எப்படி என்று எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் எல்லைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. எதை நானே முடிவு செய்யலாம், எதைச் செய்துவிட்டுத் தகவல் சொல்லலாம், எதைக் கேட்காமல் தொடவே கூடாது. சந்தேகமான லாட்டைத் தனியாக வைப்பது, சோதனைக்குப் பீஸ் எடுப்பது முதல் வகை. லைனை நிறுத்துவது இரண்டாம் வகையாக இருக்க வேண்டும், நிறுத்தத் தயங்கிக்கொண்டிருந்தால் தப்பான பீஸ் சேர்ந்துகொண்டே போகும். டிராயிங் அளவை மீறிய எதையும் அனுப்புவது, கஸ்டமர் ஒப்புதல் பெற்ற பிராசஸை மாற்றுவது, மெஷினின் பாதுகாப்பு இன்டர்லாக்கைத் தொடுவது மூன்றாம் வகை. அங்கே சுயசிந்தனைக்கு இடமே இல்லை, உடனே மேலே சொல்லிவிட வேண்டும். இந்தப் பட்டியலை நீங்களே எழுதிக்கொண்டுபோய் "இது சரியா சார்?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது பலர் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. போர் சிறியதாக வர என்ன காரணங்கள் என்று கேட்டால் 15 காரணம் வரும், அதில் வெப்பநிலையும் இருக்கலாம். ஆனால் அது உங்கள் கன்வேயரைப் பார்க்கவில்லை, உங்கள் ஆபரேட்டர் டீ பிரேக்குக்குப் பிறகு ஆஃப்செட் கூட்டுவது அதற்குத் தெரியாது. நீங்களாக 4 யூகம் எழுதிய பிறகு கேளுங்கள், விடுபட்டது எது என்று பார்ப்பதற்கு. முதலிலேயே கேட்டால் மேனேஜரிடம் போய் நின்ற அதே பழக்கம் வேறு இடத்துக்கு மாறும், அவ்வளவே.

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு பக்கம். என்ன பார்த்தேன், என்ன யூகித்தேன், எவ்வளவு உறுதியாக நம்பினேன், கடைசியில் என்னவாக இருந்தது. 6 மாதம் கழித்துத் திரும்பிப் படித்தால் உங்கள் யோசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். சிலர் எப்போதும் மெஷின் மீது சந்தேகப்படுவார்கள், சிலர் எப்போதும் மெட்டீரியல் மீது. உங்கள் கம்பெனியில் கியூசி சர்க்கிள் (வேலையிடப் பிரச்சினைகளைக் கூடிப் பேசித் தீர்க்கும் சிறு குழு) இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998இல் தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியக் கம்பெனி ஒன்று அதை வாங்கியது அதுவே முதல்முறை. 2002இல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. உங்கள் ஊரிலேயே இந்த முறைகளில் ஊறிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினால் நான் எழுதியதை விட அதிகம் கிடைக்கும்.

திங்கட்கிழமை அந்த 5 பீஸ் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரே ஆள், ஒரே கேஜ், ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் மாஸ்டரில் ஜீரோ பார்க்க வேண்டும். பீஸைக் கையில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, கைச்சூடே அளவை மாற்றும். 1 மணி நேரம் கழித்தும் அளவு இறங்கவில்லை என்றால் என் யூகம் அடிபட்டது, அடுத்ததற்குப் போங்கள். லைன் மாஸ்டரை லேபில் வைத்து அளந்து பாருங்கள், தேய்ந்திருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால், லேப் எந்த ஆழத்தில் அளக்கிறது, ஏர் கேஜின் ஜெட் (காற்று வெளிவரும் சிறு துளை) எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். போர் உள்ளே போகப் போகக் குறுகினால் இருவரும் சரியாக அளந்தும் இரண்டு எண் வரும். அதற்கடுத்து, ஃபிக்சரில் கிளாம்ப் பிரஷர்.